இன்னொரு ஆட்டம்

கேரம் போர்டோ, சீட்டுக்கட்டோ, தெருமுனை கிரிக்கெட்டோ, எதுவானாலும் சரி. தோற்றவன் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை ஒன்றுதான். 'இன்னொரு ஆட்டம் போடலாம், வா.'

ஜெயித்தவன் கொஞ்சம் விவரமானவனாக இருந்தால், 'அம்மா கூப்பிடறாங்க' என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். ஜெயித்த கணக்கு ஜெயித்த கணக்காகவே இருக்கட்டும் என்கிற ஜாக்கிரதை. இன்னொரு ஆட்டத்தில் அவனுக்குப் புதிதாகக் கிடைக்க ஒன்றுமில்லை. இழப்பதற்குத்தான் இருக்கிறது.

ஆனால் பெரிய போட்டிகளில் அம்மா கூப்பிட மாட்டார். சில நாள் முன்னால் யாரை அடித்து நொறுக்கினோமோ, அதே ஆள் மறுபடியும் எதிரே வந்து நிற்பான். அதுவும் எப்போது? தோற்றால் மூட்டை கட்டவேண்டும் என்கிற கட்டத்தில்.

அப்போது யார் ஜெயிப்பார்கள்? ஏற்கெனவே ஜெயித்தவனா, அடிபட்டவனா?

அடியேன் படித்தது பி.காம். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியாகப் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. இந்தக் கேள்விக்கும் அப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு 1954ம் வருஷம் ஸ்விட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைவிடத் தோதான இடம் கிடையாது. ஒரே போட்டியில் இப்படி மூன்று மறு ஆட்டங்கள். அதில் மூன்றாவது, ஒரு தேசத்தைத் தலைநிமிர வைத்தது. இன்னொரு தேசத்தின் தலைசிறந்த விளையாட்டு வீரர்களை ஊர் ஊராக அலைய வைத்தது.

*

முதலில் ஹங்கேரி. அப்போது உலகத்தில் கால்பந்து என்றாலே ஹங்கேரிதான்.

இன்றைக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். இத்தனைக்கும் ஹங்கேரியின் மொத்த ஜனத்தொகையே ஒரு கோடிக்கும் கீழே. ஆனால் 1950 மே மாதம் ஆஸ்திரியாவிடம் தோற்றதற்குப் பிறகு, நான்கு வருஷமாக அவர்களை யாராலும் வீழ்த்த முடியவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம். புஷ்காஷ், கோச்சிஷ், ஹிடெக்குட்டி, சிபோர் என்று வரிசையாகப் பிசாசுகள். கோல் காக்க க்ரோஷிச்.

1953 நவம்பர் 25ம் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்குப் போனார்கள். கால்பந்தைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்தை, அவர்கள் ஊரிலேயே வைத்து 6-3 என்று அடித்தார்கள். அதற்குமுன் ஐரோப்பாக் கண்டத்து அணி எதுவும் இங்கிலாந்து மண்ணில் இங்கிலாந்தை அப்படிப் புரட்டியதில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஹிடெக்குட்டி நடு முன்கள ஆட்டக்காரர். அந்தக் காலத்து வழக்கப்படி அவர் எதிராளி கோல் அருகே நிற்கவேண்டும். அவரோ பின்னால் தள்ளி, நடு மைதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைக் காவல் காக்கவேண்டிய இங்கிலாந்து தடுப்பாட்டக்காரருக்கு ஒரே குழப்பம். பின்னாலேயே போவதா, இடத்திலேயே நிற்பதா? போனால் கோட்டை காலி. நின்றால் ஹிடெக்குட்டிக்குக் காலி மைதானம். மனிதர் மூன்று கோல் போட்டார்.

தோற்றவன் என்ன கேட்பான்? இன்னொரு ஆட்டம். இங்கிலாந்தும் பதில் ஆட்டத்துக்குப் போனது. ஆறு மாதம் கழித்து, 1954 மே 23, புடாபெஸ்ட் நகரில். வெம்ப்ளியில் ஆடிய 11 பேரில் 7 பேரை மாற்றிவிட்டுப் புது ஆட்களோடு போய் இறங்கினார்கள்.

7-1.

இம்முறை இன்னும் மோசம். ஆளை மாற்றினார்கள். ஆட்டத்தை மாற்றவில்லை. ஆறு மாத அவகாசமும் தோல்வி கற்றுக்கொடுத்த பாடமும் கையில் இருந்தது. பாடத்தைப் பிரித்துப் படிக்கத்தான் யாருமில்லை.

இந்த 7 பேர் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

*

உலகக் கோப்பைக்கு இன்னும் மூன்றே வாரம்.

1954 போட்டிக்கு ஒரு விசித்திரமான விதிமுறை வைத்திருந்தார்கள். மொத்தம் 16 அணிகள். நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 4 அணிகள். இதுவரை சரி. ஆனால் பிரிவுக்கு 2 அணிகளைப் பெரிய தலைகள் என்று முன்கூட்டியே முடிவு செய்து, பெரிய தலைகள் தங்களுக்குள் மோதவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சின்னத் தலைகளும் தங்களுக்குள் மோதமாட்டார்கள். ஆக, ஆளுக்கு இரண்டே ஆட்டம். இரண்டாம் இடத்துக்கு இரு அணிகள் சம புள்ளியில் நின்றால், எத்தனை கோல் போட்டார்கள், எத்தனை வாங்கினார்கள் என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். இருவரும் மறுபடி மோதவேண்டும். பிளே ஆஃப்.

இரண்டாவது பிரிவில் பெரிய தலைகள், ஹங்கேரியும் துருக்கியும். சின்னத் தலைகள், மேற்கு ஜெர்மனியும் தென் கொரியாவும்.

துருக்கி எப்படிப் பெரிய தலை ஆனது? அதுவே ஒரு மறு ஆட்டக் கதை. உண்மையில் அந்த இடம் ஸ்பெயினுக்கு. தகுதிச் சுற்றில் ஸ்பெயின் முதலில் துருக்கியை 4-1 என்று ஜெயித்தது. அடுத்து துருக்கி 1-0. அப்போதும் கோல் கணக்குப் பார்க்கிற வழக்கமில்லை. ஆகவே ரோம் நகரில் மூன்றாவது ஆட்டம். 2-2. கூடுதல் நேரம் ஆடியும் முடிவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு சிறுவனைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டிச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். பையன் எடுத்த சீட்டில் துருக்கி. ஸ்பெயின் வீட்டுக்குப் போனது. ஸ்பெயினுக்கென்று ஒதுக்கிவைத்த பெரிய நாற்காலியில் துருக்கி போய் உட்கார்ந்தது.

மேற்கு ஜெர்மனியோ நொந்துபோன தேசம். யுத்தம் முடிந்து 9 வருஷம். 1950 உலகக் கோப்பையில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அணியில் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று ஒருத்தர் கிடையாது. கேப்டன் ஃப்ரிட்ஸ் வால்டருக்கு 33 வயது. யுத்தத்தில் மலேரியா வந்து, வெயில் என்றாலே துவண்டு போகிற உடம்பு.

ஆனால் அவர்களுக்கு ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஸெப் ஹெர்பெர்கர். குள்ளமான, சுருக்கம் விழுந்த முகத்துக் கிழவர். கையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம்.

*

ஜூன் 17. மேற்கு ஜெர்மனி, துருக்கியை 4-1 என்று ஜெயித்தது. அதே நாள் ஹங்கேரி, தென் கொரியாவை 9-0.

இப்போது நீங்கள் ஹெர்பெர்கர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆட்டம் 20ம் தேதி ஹங்கேரியோடு. துருக்கிக்கு அடுத்த ஆட்டம் தென் கொரியாவோடு. தென் கொரியாவைத் துருக்கி நிச்சயம் ஜெயிக்கும். ஹங்கேரியிடம் நாம் அநேகமாகத் தோற்போம். அப்போது நாமும் துருக்கியும் சமம். 23ம் தேதி மறு ஆட்டம். அதில் ஜெயித்தால் காலிறுதி.

ஹங்கேரியிடம் ஒரு கோலில் தோற்றாலும் தோல்விதான். ஐந்து கோலில் தோற்றாலும் அதே தோல்விதான். கோல் கணக்கு செல்லாது என்று விதிமுறையே சொல்லிவிட்டது. விலை ஒன்றேதான் என்கிறபோது, நல்ல சரக்கை எதற்குக் கடைக்கு எடுத்துப் போகவேண்டும்?

ஹெர்பெர்கர், துருக்கியோடு ஆடியவர்களில் 7 பேரை உட்கார வைத்தார்.

சொன்னேன் அல்லவா? அதே 7. இங்கிலாந்து தோல்விக்குப் பிறகு ஏழு பேரை மாற்றியது. ஹெர்பெர்கர் தோல்விக்கு முன்பே மாற்றினார்.

பாஸல் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் ஹங்கேரி 8, மேற்கு ஜெர்மனி 3. கோச்சிஷ் மட்டுமே நான்கு கோல். ஜெர்மனியிலிருந்து பார்க்க வந்திருந்த ஜனம் கொதித்துப் போனது. ஹெர்பெர்கருக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. நாடே முகம் தெரியாமல் ஒளிந்துகொண்டிருக்கிற நேரத்தில் இப்படி மானத்தை வாங்கிவிட்டாயே என்கிற கோபம். கிழவர் வாய் திறக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் இன்னொரு சம்பவமும் நடந்தது. ஜெர்மானியத் தடுப்பாட்டக்காரர் லீப்ரிக், புஷ்காஷின் காலில் பின்னாலிருந்து உதைத்தார். கணுக்காலில் காயம். உலகத்தின் ஆகச்சிறந்த ஆட்டக்காரர் நொண்டிக்கொண்டே வெளியே போனார். அடுத்த இரண்டு ஆட்டங்கள் அவரால் ஆட முடியவில்லை.

ஹெர்பெர்கர் எதிர்பார்த்தபடியே துருக்கி, தென் கொரியாவை 7-0 என்று ஜெயித்து வந்து நின்றது. ஆறே நாளில் அதே எதிரி. ஓய்வெடுத்த கால்களோடு ஜெர்மனியின் முக்கிய ஆட்டக்காரர்கள் திரும்ப இறங்கினார்கள். 7-2. மோர்லாக் மூன்று கோல்.

அதே 23ம் தேதி, வேறொரு மைதானத்தில் இன்னொரு மறு ஆட்டம். போட்டியை நடத்துகிற ஸ்விட்சர்லாந்து, முதல் ஆட்டத்தில் இத்தாலியை 2-1 என்று ஜெயித்திருந்தது. ஏதோ அதிர்ஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிளே ஆஃபில் மறுபடி அதே இத்தாலி. இம்முறை 4-1. இரண்டு முறை உலகக் கோப்பை ஜெயித்த இத்தாலி, ஒரே வாரத்தில் ஒரே அணியிடம் இரண்டு முறை உதை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

ஆக, இரண்டு மறு ஆட்டங்கள். இரண்டிலும் முதலில் ஜெயித்தவனே மறுபடி ஜெயித்தான். அதுவும் முதல் ஆட்டத்தைவிடக் கூடுதல் வித்தியாசத்தில்.

கணக்கு தெளிவாகத்தானே இருக்கிறது? பலசாலி என்றால் எத்தனை முறை ஆடினாலும் பலசாலி. அப்படித்தான் ஐரோப்பா முழுக்க நினைத்தது. ஜூலை 4ம் தேதி வரைக்கும்.

*

இங்கே கொஞ்சம் அமெரிக்கா வரைக்கும் போய்விட்டு வந்துவிடலாம். 14 வருஷம் பின்னால், 1940க்கு.

அமெரிக்கர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கும் ஃபுட்பால் என்றுதான் பெயர். அதில் 1940 நவம்பர் 17 அன்று வாஷிங்டன் அணி, சிகாகோ பேர்ஸ் அணியை 7-3 என்று ஜெயித்தது. கடைசி நிமிஷத்தில் எங்கள் ஆளைப் பிடித்து இழுத்துவிட்டார்கள், நடுவர் கண்டுகொள்ளவில்லை என்று சிகாகோ புலம்பியது. வாஷிங்டன் அணியின் முதலாளி மார்ஷல் சும்மா இருந்திருக்கலாம். பத்திரிகைக்காரர்களிடம், அவர்கள் அழுமூஞ்சிகள் என்று சொல்லிவைத்தார்.

மூன்று வாரம் கழித்து சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். அதே இரண்டு அணிகள். அதே மைதானம். சிகாகோ பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ் அந்தப் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி, வீரர்கள் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டம் ஜெயிக்க முடியுமா? கிளார்க் ஷானசி என்கிற வியூக நிபுணரையும் கூட உட்கார வைத்துக்கொண்டு, முதல் ஆட்டத்தில் வாஷிங்டன் எப்படித் தடுத்தது என்பதைப் பிரித்து மேய்ந்தார். தங்கள் வியூகத்தை அதற்கேற்ப மாற்றினார்.

டிசம்பர் 8. ஆட்டம் ஆரம்பித்த இரண்டாவது நகர்விலேயே ஓஸ்மான்ஸ்கி என்பவர் 68 கெஜம் ஓடிப் போய்ப் புள்ளி எடுத்தார். அப்புறம் நிற்கவே இல்லை. பந்துகள் பார்வையாளர் பக்கம் போய்த் தொலைந்து, கையிருப்பு குறைந்துவிட்டது. தயவு செய்து இனி உதைக்காதீர்கள் என்று நடுவர்களே கேட்டுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

இறுதிக் கணக்கு: 73-0.

தட்டச்சுப் பிழை இல்லை. எழுபத்து மூன்றுக்கு பூஜ்யம். அந்த லீகின் சரித்திரத்தில் இன்றுவரை அத்தனை பெரிய வித்தியாசம் இல்லை.

மறு ஆட்டத்தில் தோற்றவனுக்கு இருக்கிற ஒரே சொத்து இதுதான். முதல் ஆட்டத்தில் என்ன தப்பு நடந்தது என்று அவனுக்குத் தெரியும். ஜெயித்தவனுக்குத் தான் எதனால் ஜெயித்தோம் என்று யோசிக்கவே தோன்றாது. எல்லாம் சரியாக இருந்ததால் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொள்வான். எதையும் மாற்றாமல் அப்படியே வந்து நிற்பான்.

சரி, ஸ்விட்சர்லாந்துக்குத் திரும்பலாம்.

*

காலிறுதியில் ஒரு சங்கதி. தத்தம் பிரிவில் முதலிடம் பிடித்த நான்கு அணிகளும் ஒரே பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டன. ஹங்கேரிக்கு முதலில் பிரேசில். 4-2 என்று ஜெயித்தார்கள். ஆனால் அது ஆட்டமாக இல்லை, அடிதடியாக இருந்தது. மூன்று பேரை நடுவர் வெளியேற்றினார். அரையிறுதியில் நடப்பு சாம்பியன் உருகுவே. மழையில் கூடுதல் நேரம் வரை ஆடி, கோச்சிஷ் தலையால் முட்டிய இரண்டு கோல்களால் மறுபடி 4-2.

இன்னொரு பக்கம் ஜெர்மனி. இரண்டாம் இடம் பிடித்ததன் லாபம். யுகோஸ்லாவியாவை 2-0. ஆஸ்திரியாவை 6-1. துன் ஏரிக்கரையில் ஸ்பீஸ் என்கிற அமைதியான ஊரில் தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து வந்தார்கள்.

1954 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. பெர்ன் நகரம், வாங்க்டார்ஃப் மைதானம். மழை.

மழை என்றால் ஜெர்மானியர்களுக்குக் குஷி. கேப்டன் வால்டருக்கு வெயில்தான் ஆகாது. மழையில் சிங்கம். இன்றைக்கும் ஜெர்மனியில் மழை பெய்தால் அதை ஃப்ரிட்ஸ் வால்டர் வானிலை என்பார்கள். தவிர, அணிக்குக் காலணி செய்து கொடுக்க அடி டாஸ்லர் என்பவர் கூடவே வந்திருந்தார். அவர் பெயரைச் சுருக்கினால் அடிடாஸ். அடியில் இருக்கும் குமிழ்களைத் திருகிக் கழற்றி, சேற்றுக்கு ஏற்றபடி நீளமானவற்றை மாட்டிக்கொள்கிற வசதி அவருடைய காலணியில் இருந்தது.

8-3 ஆட்டத்தில் ஆடியவர்களில் ஐந்து பேர் இப்போது இல்லை. கோல்கீப்பர் டூரெக், மோர்லாக் எல்லாம் திரும்ப வந்தாகிவிட்டது. அதாவது ஹங்கேரி இந்த ஜெர்மனி அணியைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஜெர்மனி இதே ஹங்கேரியை 90 நிமிடம் அருகிலிருந்து பார்த்திருந்தது. இங்கிலாந்தைக் கிறுக்குப் பிடிக்க வைத்த ஹிடெக்குட்டியின் பின்னாலேயே போக எக்கெல் என்கிற இளைஞரை ஹெர்பெர்கர் ஒதுக்கினார். அவர் எங்கே போனாலும் போ. அவ்வளவுதான் உன் வேலை.

ஹங்கேரி பக்கம் புஷ்காஷ் திரும்ப வந்தார். கணுக்கால் முழுசாகக் குணமாகவில்லை. ஆனாலும் அவர் இல்லாமல் இறுதி ஆட்டமா?

6வது நிமிடம் புஷ்காஷ் கோல். 8வது நிமிடம் சிபோர் கோல். 2-0. அவ்வளவுதான், இன்னொரு எட்டு வாங்கப் போகிறார்கள் என்று மைதானமே முடிவு கட்டியது.

10வது நிமிடம் மோர்லாக். 18வது நிமிடம் ராஹ்ன். 2-2.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஹங்கேரி முட்டி மோதியது. கம்பத்தில் பட்டது. குறுக்குக் கட்டையில் பட்டது. கோல் கோட்டிலிருந்து ஒருத்தர் எடுத்து வெளியே உதைத்தார். டூரெக் அன்றைக்குப் பந்தை விடுவதில்லை என்று விரதம் இருந்தார். 84வது நிமிடத்தில் பந்து ராஹ்ன் காலுக்கு வந்தது. இடது காலால் தாழ்வாக ஓர் உதை. 3-2.

கதை முடியவில்லை. கடைசி நிமிடங்களில் புஷ்காஷ் பந்தை வலைக்குள் தள்ளினார். வேல்ஸைச் சேர்ந்த லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். ஆஃப்சைடு. அது ஆஃப்சைடே இல்லை என்று புஷ்காஷ் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேற்கு ஜெர்மனி உலக சாம்பியன். இரண்டே வாரம் முன்னால் எட்டு கோல் வாங்கிய அணி.

அந்தப் போட்டியின் மொத்தக் கணக்கைப் பாருங்கள். ஹங்கேரி ஐந்து ஆட்டங்களில் போட்டது 27 கோல். ஒரே உலகக் கோப்பையில் வேறெந்த அணியும் அதன்பிறகு அத்தனை கோல் போடவில்லை. வாங்கியது 10. ஜெர்மனி ஆறு ஆட்டங்களில் போட்டது 25. வாங்கியது 14. எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் ஹங்கேரி பக்கம்தான் கையெழுத்துப் போடுவார். கோப்பை மட்டும் ஜெர்மனியிடம்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று ஜெர்மானிய வீரர்களுக்கு ஊசி போடப்பட்டது. வெறும் வைட்டமின் சி என்றார்கள். பிற்காலத்தில் ஜெர்மனியிலேயே ஆய்வாளர்கள், அது யுத்தகாலத்தில் சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊக்க மருந்தாக இருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பினார்கள். வீரர்கள் கடைசி வரைக்கும் மறுத்தார்கள். சர்ச்சை தீரவில்லை.

*

ஆக, 1954ல் மூன்று மறு ஆட்டங்கள். இரண்டில் பழைய முடிவே திரும்ப வந்தது. ஒன்றில் தலைகீழ்.

இது ஏதோ அந்த வருஷத்து விபத்து என்று நினைக்காதீர்கள். 2010 ஜனவரியில் அமெரிக்க ஃபுட்பால் லீகில் ஓர் அதிசயம் நடந்தது. லீகின் கடைசி வாரத்தில் மோதிய மூன்று ஜோடி அணிகள், அடுத்த வாரமே நாக் அவுட்டில் மறுபடி மோத நேர்ந்தது. நியூயார்க் ஜெட்ஸ், சின்சினாட்டியை 37-0 என்று ஜெயித்திருந்தது. அடுத்த வாரமும் 24-14 என்று ஜெயித்தது. டல்லஸ், பிலடெல்பியாவை 24-0. அடுத்த வாரமும் 34-14. மூன்றாவதாக கிரீன் பே, அரிசோனாவை 33-7 என்று துவைத்திருந்தது. அடுத்த வாரம் அரிசோனா 51-45 என்று கூடுதல் நேரத்தில் பழி தீர்த்தது.

மறுபடியும் இரண்டுக்கு ஒன்று.

அந்த ஒன்று எது தெரியுமா? முதல் ஆட்டத்தில் அரிசோனா தன் முக்கிய ஆட்டக்காரர்களைச் சீக்கிரமே வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது. முதல் வாரம் கொஞ்ச நேரமே தலைகாட்டிய கர்ட் வார்னர், இரண்டாம் வாரம் ஐந்து டச் டவுன் பாஸ்கள் வீசினார். 56 வருஷம் கழித்து அச்சு அசல் ஹெர்பெர்கர் வித்தை.

அப்படியானால் சீட்டை மறைத்து வைத்தால் ஜெயித்துவிடலாமா? ம்ஹூம். சின்சினாட்டியும் அந்தக் கடைசி வார ஆட்டத்தில் முழுமூச்சாக இறங்கவில்லை. மறு ஆட்டத்திலும் தோற்றது. மறைத்தால் மட்டும் போதாது. மறைத்த சீட்டு நல்ல சீட்டாகவும் இருக்கவேண்டும்.

உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை இரண்டையும் சேர்த்து 2024 வரை பார்த்தால், முதல் சுற்றில் மோதியவர்களே இறுதி ஆட்டத்திலும் மோதியது ஆறு முறை. 1954 ஒன்று. 1988ல் சோவியத் யூனியனிடம் முதலில் 1-0 என்று தோற்ற நெதர்லாந்து, இறுதியில் அவர்களையே 2-0 என்று ஜெயித்தது. இந்த இரண்டும் தலைகீழ். 1996ல் செக் அணியை ஜெர்மனி இரண்டு முறையும் ஜெயித்தது. 2004ல் போர்ச்சுகலை, அவர்கள் ஊரிலேயே வைத்து, கிரீஸ் இரண்டு முறையும் ஜெயித்தது. இந்த இரண்டும் பழைய முடிவு. 1962ல் பிரேசில்-செக்கோஸ்லோவாகியா, 2012ல் ஸ்பெயின்-இத்தாலி. இரண்டும் முதலில் டிரா. அப்புறம் முறையே 3-1, 4-0.

இரண்டு, இரண்டு, இரண்டு. டிரயல் பேலன்ஸ் இப்படி டேலி ஆனால் எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் சந்தோஷம்தான்.

அதாவது, முதல் ஆட்டத்தின் முடிவை மட்டும் பார்த்து இரண்டாவதைச் சொல்ல முடியாது. அந்த முடிவு எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். துருக்கி தன் முழு பலத்தோடு ஆடித் தோற்றது. இத்தாலியும் அப்படியே. அந்தத் தோல்விகள் நிஜமான தோல்விகள். ஆகவே திரும்ப வந்தன. பாஸலில் எட்டு கோல் வாங்கியது ஜெர்மனியின் நிஜமான அணி இல்லை. ஹங்கேரிதான் அதை நிஜம் என்று நம்பிவிட்டது.

*

கடைசியாக, தோற்றவர்கள் என்ன ஆனார்கள்?

தோல்விச் செய்தி வந்த ராத்திரி புடாபெஸ்ட் தெருக்களில் ஜனம் இறங்கியது. கம்யூனிஸ ஆட்சியில் ஆர்ப்பாட்டம் என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். கால்பந்தைச் சாக்காக வைத்து நடந்தது. அந்த வருஷமே கோல்கீப்பர் க்ரோஷிச் மீது உளவுக் குற்றச்சாட்டு. மாதக் கணக்கில் விசாரணை. பிறகு பெரிய கிளப்பிலிருந்து எடுத்து, டாடாபான்யா என்கிற சுரங்க ஊர் அணிக்கு அனுப்பினார்கள்.

ஹங்கேரி அணி அதற்குப் பிறகும் 1956 பிப்ரவரி வரை யாரிடமும் தோற்கவில்லை. ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தோல்வி. அது எந்த நாளில் வரக்கூடாதோ அந்த நாளில் வந்தது. 1956ல் கடைசியில் யாரிடம் தோற்றார்கள் தெரியுமா? துருக்கியிடம்.

அந்த அக்டோபரில் புரட்சி வெடித்து, சோவியத் டாங்கிகள் உள்ளே வந்தபோது புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் மூவரும் வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பவில்லை. புஷ்காஷ் ரியல் மாட்ரிட் போய்ச் சேர்ந்தார். 1960ல் ஐரோப்பிய கிளப் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே ஒரு ஜெர்மானிய அணி, ஃப்ராங்க்ஃபர்ட். மாட்ரிட் 7, ஃப்ராங்க்ஃபர்ட் 3. புஷ்காஷ் மட்டும் நான்கு கோல். அவருக்கு ஒரு மாதிரி மறு ஆட்டம் கிடைத்துவிட்டது.

கோச்சிஷும் சிபோரும் பார்சிலோனாவில் சேர்ந்தார்கள். அடுத்த வருஷம், 1961 மே 31, அவர்களும் அதே கோப்பைக்கான இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிரே போர்ச்சுகலின் பென்ஃபிகா. ஆட்டம் எங்கே?

பெர்ன். வாங்க்டார்ஃப் மைதானம். அதே புல். அதே கோல் கம்பங்கள்.

கோச்சிஷ் ஒரு கோல் போட்டார். சிபோர் ஒரு கோல் போட்டார். பார்சிலோனா உதைத்த பந்துகள் கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பின. முடிவில் கணக்கு, பென்ஃபிகா 3, பார்சிலோனா 2.

ஏழு வருஷம் கழித்து, அதே இடத்தில், அதே 3-2.